நீக்கிலாப்பிள்ளைக்கு நாலு வரி

1.

இந்தக் கதையை யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டது நாலு வரி. நீக்கிலாப்பிள்ளை சாகவில்லை என்று நாலு வரியில் எழுதித் தரச் சொன்னார்கள். சொன்னார்கள் என்ன, சொன்னார். சொன்னவர் நீக்கிலாப்பிள்ளை.

பன்னிரண்டு நாளாகிறது. நாலு வரி வரவில்லை. இது வருகிறது.

நான் இருபது வருடம் ரொறன்ரோவின் இலவச வார இதழொன்றில் மர்மத் தொடர் எழுதியவன். மளிகைக்கடை வாசலில் அடுக்கிக் கிடக்குமே, மீன் சுற்ற எடுத்துப்போவீர்களே, அந்தத் தாளில். ஆகவே கை தன் பழக்கத்தில் இப்படித்தான் தொடங்கியது:

"மார்க்கம் வீதியில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கறுப்பு வான் வண்டிக்குள் இருந்த மனிதர் இறந்து மூன்று மணித்தியாலங்கள்..."

(வெட்டு. அது செப்டெம்பர் மாதம், பனி இல்லை. வான் சாம்பல் நிறம். உள்ளே இருந்தவர் உயிரோடு இருந்தார். சிக்கலே அதுதான்.)

இரண்டாவது தொடக்கம்: "உதைபந்தாட்டம் என்பது புலம்பெயர்ந்த சமூகத்தின்..."

(இதுவும் வெட்டு. ஆண்டுமலருக்கு வாழ்த்துச்செய்தி எழுதுகிறவர்கள் எழுதட்டும்.)

மூன்றாவது: "தேங்காய் உடையவில்லை."

இது இருக்கட்டும்.

2.

தேங்காய் உடையவில்லை.

வெள்ளம்புலம் வெண்தாரகை விளையாட்டுக் கழகம், கனடா. ஊரின் பெயரில் கழகம். ஆடுகிறவர்கள் பெரும்பாலும் ஊரைக் கண்ணால் காணாத பிள்ளைகள். வெளியில் நின்று கத்துகிறவர்கள் அவர்களைப் பெற்ற நாங்கள். ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் ஊர்ப் பிள்ளையாரை நினைத்து எங்கள் கோல் கோட்டில் ஒரு தேங்காய் உடைக்கவேண்டும். உடைக்கவேண்டியவர் மனேச்சர்.

மனேச்சர் நீக்கிலாப்பிள்ளை எங்கள் ஊர் அல்ல. மன்னார். கத்தோலிக்கர். எங்கள் ஊரில் பெண் எடுத்தவர், தொடர்பு அவ்வளவுதான். பத்தொன்பது வருடத்துக்கு முன் மனேச்சர் பதவிக்கு ஊர்க்காரன் ஒருவனும் முன்வராதபோது, ஜேர்சிப் பையைத் தூக்கி வானில் போட்டுக்கொண்டு போனார். அன்றிலிருந்து ஜேர்சிகள் அவர் வீட்டில் தோய்ந்தன. பிள்ளைகள் அவர் வானில் வந்தார்கள். தேங்காயை அவரே உடைத்தார். அதற்கென்று வானில் ஒரு நடைபாதைக் கல் வைத்திருந்தார். கல்லைக் கோட்டில் வைப்பார். ஒரே அடி. இரண்டு பாதி.

இந்த வருடம் இறுதிப்போட்டியைச் செயற்கைப் புல் மைதானத்தில் வைத்தார்கள். தரை கிழியும் என்று சொல்லி மைதானக்காரர் கல்லை உள்ளே விடவில்லை. நடுவர் விசிலை வாயில் வைத்துவிட்டார். நீக்கிலா அண்ணை வெறும் புல்லில் தேங்காயை எறிந்தார். அது முழங்கால் உயரத்துக்குத் துள்ளி, உருண்டு, மெல்ல எங்கள் கோலுக்குள் போய்ப் படுத்தது.*

ஆறுக்குப் பூச்சியம். தோற்றோம்.

* தேங்காயையும் சேர்த்தால் ஏழு.

3.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம், மில்லிக்கனில் ஒரு பிளாசாவின் கோப்பிக்கடை. மூன்று மேசைகளை ஒன்றாக இழுத்துப் போட்டுப் பதினைந்து பேர். விவாதப் பொருள்: மனேச்சரை மாற்றுவதா, இல்லையா.

ஒருவர், இடது பக்கத்தில் ஓடுகிறவனுக்கு முப்பத்தொன்பது வயதாகிறது என்றார். இன்னொருவர், என்ன நடந்தாலும் எழுபதாவது நிமிடத்தில்தான் ஆள் மாற்றுகிறார், எதிரணிக்கே அது மனப்பாடம் என்றார். இரண்டும் நியாயம். அரைமணிநேரம் பேச்சு உதைபந்தாட்டமாகவே இருந்தது. பிறகு தேங்காய் வந்தது.

"வேதக்காரன் உடைச்சால் பிள்ளையார் வாங்குவாரோ?" என்றது ஒரு குரல். (யாருடைய குரல் என்று எழுதி, அடித்துவிட்டேன். பதினைந்து பேரில் பத்துப் பேருடையது.)

கோல் காப்பவனின் தாய் யோகராணி கோப்பியை மேசையில் வைத்தாள்.

"பத்தொன்பது வருசம் வாங்கினவர்தானே? நாலு கப்பும் ஆர் உடைச்ச தேங்காயில வந்தது? இப்ப மட்டும் பிள்ளையார் வீடு மாறிப்போட்டாரோ? ஆறும் விட்டவன் என்ர மோன். மாத்திறதெண்டால் முதல் அவனை மாத்துங்கோ."

சிரித்தார்கள்.

இங்கே ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம். சுலக்சன், முப்பத்திரண்டு வயது, அடுத்த மனேச்சர் என்று எல்லோரும் கைகாட்டியவன். முதல் பிரதியில் அவனுக்கு ஒரு தங்கச் சங்கிலியும் கள்ளச் சிரிப்பும் கொடுத்திருந்தேன். கதைக்கு வில்லன் வேண்டுமே. ஆனால் அந்தப் பெடியன் முறையாகப் படித்துப் பயிற்சியாளர் சான்றிதழ் வாங்கியவன். ஆறு கோலும் ஏன் விழுந்தன என்று அம்புக்குறி போட்டுக் காட்டினான், எங்களுக்கு விளங்கியது. போதாததற்கு இப்படியும் சொன்னான்:

"அங்கிளுக்கு நேர போய்ச் சொல்லுவம். டெக்ஸ்ற் பண்ணாதீங்கோ. தற்ஸ் நொட் ரைற்."

சங்கிலியைக் கழற்றிவிட்டேன். சிரிப்பையும்.

நேரே போய்ச் சொல்வது யார்? அவர் வானில் ஏறாத பிள்ளை அங்கே யாருக்கும் இல்லை. ஒருவர் தொலைபேசியைப் பார்த்தார், ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அப்போதுதான் திலக்சன் வாயைத் திறந்தான். அதே பிளாசாவில் இரண்டு கடை தள்ளி அச்சகம் வைத்திருப்பவன். கல்யாண அட்டை, பிறந்தநாள் பதாகை, எல்லாவற்றையும்விட அதிகமாக மரண அறிவித்தல்.

"ஆரும் போய்ச் சொல்லத் தேவையில்லை," என்றான். "பதவி காலமாயிற்று எண்டு ஒரு அறிவித்தல் அடிச்சு எங்கட வட்ஸ்அப் குழுமத்தில போடுவம். மனிசன் பகிடியா எடுத்துக்கொண்டு தானா விலகிடும். எழுத்தாளர், நாலு வரி தாங்கோவன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

4.

தொடர்கதையாக இருந்தால் இதைப் பதினான்காம் வாரம்வரை மறைத்திருப்பேன். நடுவில் இரண்டு பேர்மேல் சந்தேகத்தைத் திருப்பியிருப்பேன். இப்போது நேரமில்லை. எழுதியவன் நான்தான்.

ஆறு நிமிடம் எடுத்தது. கோப்பிக்கடைக் கைதுடைப்புத் தாளில், திலக்சனின் பேனாவால்:

"மன்னாரைப் பிறப்பிடமாகவும், ரொறன்ரோ ரூஜை வசிப்பிடமாகவும், மைதானத்து ஓரத்தைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்ட நீக்கிலாப்பிள்ளை அவர்கள் கடந்த ஞாயிறன்று ஆறு கோல்களால் மனேச்சர் பதவியில் காலமானார். அன்னார், அந்தோனியாரை இடது காலால் மிதித்துக்கொண்டே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தவர் ஆவார்."

கடைசி வரிக்குத்தான் அதிகம் சிரித்தார்கள். நான் கற்பனை பண்ணியது என்று நினைத்தார்கள்.

அது கற்பனை இல்லை. எனக்குக் கண் பார்வை குறைவு, கார் ஓட்டுவதில்லை. பதினொரு வருடமாகப் போட்டிகளுக்கு நீக்கிலா அண்ணையின் வானில், அவருக்குப் பக்கத்து ஆசனத்தில் போய்வந்தவன். ஒருநாள் அவர் சப்பாத்தைக் கழற்றி மண்ணைத் தட்டியபோது, உள்ளேயிருந்து பிளாஸ்ரிக் உறைபோட்ட ஒரு சின்ன அந்தோனியார் படம் விழுந்தது. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. ஜேர்சிக்குப் பை இல்லை என்றார். கழுத்தில் போட்டால் சனம் பார்க்கும், தேங்காய்க் கதை கிளம்பும் என்றார். பிறகு ஒன்று சொன்னார்:

"மிதிக்கிறன் எண்டு நினைச்சுப்போடாத, தம்பி. அவர்தான் என்னைத் தாங்கிறார். ஒருத்தருக்கும் சொல்லாத. மனிசிக்கே தெரியாது."

ஏன் எழுதினேன்? காரணம் தேடி மூன்று பந்தி எழுதினேன். (வெட்டு, வெட்டு, வெட்டு.) பொறாமை இல்லை. கோபம் இல்லை. பந்தியின் முடிவில் ஒரு குத்து வேண்டியிருந்தது. வாராவாரம் கடைசி வரியில் ஒரு குத்து வைத்துப் பழகிய கை. அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

5.

திலக்சன் தன் கணினியில் தயாராகக் கிடந்த மாதிரியொன்றை எடுத்தான். மேலே ஒரு மெழுகுதிரி. நடுவே நீக்கிலா அண்ணையின் படம், நாலாவது கப் வாங்கிய அன்று எடுத்தது. பெரிய எழுத்தில் பெயர். இடது பக்கம் பிறந்த திகதி, வலது பக்கம் போட்டித் திகதி. என் வரிகள் அடியில், எறும்பு அளவில்.

மாலை ஐந்து மணிக்குக் குழுமத்தில் போட்டான். நூற்று நாற்பது பேர்.

எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. மரண அறிவித்தலை யாரும் வாசிப்பதில்லை. படத்தைப் பார்ப்பார்கள், பெயரைப் பார்ப்பார்கள், கைகூப்பும் படம் ஒன்றைப் போடுவார்கள், அடுத்த குழுமத்துக்கு அனுப்புவார்கள். நானும் அப்படித்தான். நீங்களும் அப்படித்தான்.

அரைமணியில் பாரிஸ். பிறகு லண்டன். இங்கே இரவுச் சாப்பாட்டு நேரத்தில் மன்னாரில் விடிந்தது. அங்கே அவருடைய அக்கா எமில்டா, எழுபத்தாறு வயது; தாய் செத்தபிறகு அவரைத் தூக்கி வளர்த்தவ. பக்கத்து வீட்டுப் பெட்டை போனைக் காட்டியிருக்கிறாள். அக்கா படத்தைப் பார்த்தா, மெழுகுதிரியைப் பார்த்தா, கோயிலுக்கு நடந்தா. துக்க மணி அடித்தார்கள். காலைப் பூசையை அவருடைய ஆன்மாவுக்கு ஒப்புக்கொடுத்தார்கள்.

அந்த நேரம் ஆன்மா ரூஜில், கராஜுக்குள், பதினெட்டு ஜேர்சிகளைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தது. போன் மேல்மாடியில் சார்ஜில் கிடந்தது. எடுத்துப் பார்த்தபோது முப்பத்தொரு அழைப்புகள். அக்காவுக்கு அடித்தார். "அக்கா" என்றார். எமில்டாவின் கையிலிருந்து போன்...

(இந்த இடத்தில் எழுத்தாளர் அக்காவைக் கொன்றார். நன்றாகவே வந்திருந்தது. நாக்குளறல், சுவரைப் பிடித்துச் சரிந்த கை, சிலுவைக் குறி பாதியில் நின்றது. ஒரு பக்கம் முழுக்க. கிழித்துவிட்டேன். அக்கா சாகவில்லை. போன் விழுந்தது, ஆள் விழவில்லை. ஒரே குடும்பத்தில் ஒருவரைக் கொன்றது போதும்.)

6.

அதற்கடுத்த சனி காலை, பதினொரு மணி. என் வீட்டு வாசலில் சாம்பல் நிற வான்.

இரண்டு பைகளோடு வந்தார். ஜேர்சிகள் மடித்து, இலக்க வரிசையில் அடுக்கியிருந்தன. சுலக்சன் வேலையால் வந்ததும் கொடுத்துவிடச் சொன்னார். பெடியன் கெட்டிக்காரன், எழுபதாவது நிமிடம்வரை காத்திருக்கமாட்டான் என்றார். கல்லும் வானில் கிடக்கிறது, அதையும் இறக்கவா என்று கேட்டார். நான் பைகளை உள்ளே தூக்கிக்கொண்டு போனேன். கல் வானிலேயே இருந்தது.

வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். என் கண் இடது சப்பாத்துக்குள் போனது. உள்ளே ஒன்றும் இல்லை. நிமிர்ந்தேன். அந்தோனியார் அவருடைய சட்டைப் பையில் இருந்தார். வெளியே தெரிய, பாதி நீட்டிக்கொண்டு.

தேத்தண்ணீர் குடித்தார். அக்கா கதைக்கிறா இல்லை என்றார். தம்பி உயிரோடிருப்பது அவவுக்குச் சந்தோசம்தானாம். ஆனால் ஊர் முழுக்க அழுது, மணி அடித்து, பூசை வைத்து, இப்போது சந்தைக்குப் போனால் சனம் சிரிக்கிறதாம்.

"எழுதினவன்ர பேரைச் சொல்லு, அதுக்குப் பிறகு போனை எடுக்கிறன் எண்டு நிக்கிறா."

"நீங்கள் என்ன சொன்னீங்கள், அண்ணை?"

"தெரியாது எண்டன்."

கோப்பையை வைத்தார். வாசலுக்குப் போய், குனிந்து சப்பாத்தைக் கட்டினார். முதலில் வலது. பிறகு இடது. கட்டி முடித்தும் நிமிரவில்லை.

"குழுமத்தில போட ஒரு நாலு வரி எழுதித் தா, தம்பி. நான் சாகேல்லை எண்டு. முந்தினதை எழுதின மாதிரி வடிவா எழுது."

வான் போய்விட்டது.

7.

முடிவுகள் இருக்கின்றன. எடுத்துக்கொள்ளுங்கள்.

வார இதழ் முடிவு: குற்ற உணர்ச்சியில் எழுத்தாளர் மன்னாருக்கு விமானம் ஏறுகிறார். கோயில் வாசலில் எமில்டாவின் காலில் விழுகிறார். மணி அடிக்கிறது. (எனக்கு விமானச் சீட்டும் வேண்டாம், மணியும் வேண்டாம்.)

விளையாட்டு முடிவு: அடுத்த பருவத்தில் சுலக்சன் கல்லைக் கொண்டுவந்து வைத்து, "அங்கிள், நீங்கள்தான் உடைக்கோணும்" என்கிறான். (இதில் ஒரு பகுதி உண்மை. பைகளைக் கொடுத்தபோது, அங்கிள் தேங்காய் உடைக்க வருவாரா என்று கேட்டான். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவில்லை.)

குழும முடிவு: யோகராணி மட்டும், "எழுதினவருக்குக் கை வலிக்கேல்லையோ?" என்று ஒரு செய்தி போட்டாள். எட்டுப் பேர் அதற்குக் கைகூப்பினார்கள்.

இனி, கேட்ட நாலு வரி. பன்னிரண்டு நாள் உழைப்பு:

"மன்னாரைப் பிறப்பிடமாகவும் ரூஜை வசிப்பிடமாகவும் கொண்ட நீக்கிலாப்பிள்ளை அவர்கள் உயிரோடு இருக்கிறார்.
முந்தைய அறிவித்தல் பொய்.
அதை எழுதியவர்:
இது மன்னாரில் எமில்டா அக்காவின் கைக்குப் போய்ச் சேரும்வரை அனுப்பவும்."

இந்தக் கதையில் ஏதாவது செய்த எல்லோருக்கும் பெயர் இருக்கிறது. மேசையை இழுத்துப் போட்டவர்களில் வாய் திறந்தவனுக்கு இருக்கிறது, மன்னாரில் இருப்பவவுக்கு இருக்கிறது. என்னை மட்டும் ஆரம்பத்திலிருந்து 'எழுத்தாளர்', 'தம்பி' என்றே கூப்பிட வைத்திருக்கிறேன். தற்செயல் இல்லை. ஏழு பகுதி எழுதியதே அதற்காகத்தானோ என்று இப்போது படுகிறது.

முடிவை உங்களிடம் விடுகிறேன். உங்கள் குழுமத்துக்கு இந்த அறிவித்தல் வந்தால், படத்தை மட்டும் பார்த்துக் கைகூப்பி அனுப்பிவிடாதீர்கள். மூன்றாவது வரியின் கடைசிவரை வாசியுங்கள்.

அங்கே இன்னும் ஒன்றும் இல்லை.