கூட வந்தவன்

அண்ணன் போர்வையை மறுபடியும் இழுத்து மூடிக்கொண்டதும் அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. போர்வையை உருவிக் கீழே போட்டாள். தையல் கம்பெனியில் காது கேளாதவர்களை வேலைக்கு எடுக்கும் நாள் அது. ஆண்கள் தனியாக வரலாம். பெண் என்றால் வீட்டு ஆள் ஒருவர் கூட வர வேண்டும் என்பது கம்பெனியின் சட்டம். வீடு வீடாகப் பாத்திரம் தேய்க்கும் அம்மா ஒருநாள் நின்றால் அந்த வீடுகள் வேறு ஆள் பார்த்துவிடும். வேலைவெட்டி இல்லாத அண்ணனை விட்டால் அவளுக்கு வேறு நாதியில்லை.

"போய்ட்டு வாடா. அவ மூஞ்சியப் பாத்தா பாவமா இருக்கு" என்று அம்மா கெஞ்சிய பிறகுதான் அண்ணன் எழுந்தான்.

கம்பெனி வாசலில் அவளோடு பள்ளியில் படித்த பையன்கள் நின்றார்கள். கைகளாலேயே ஊர்க்கதை ஓடியது, அவளும் கலந்துகொண்டாள். வயதுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் அங்கே கற்ற தையலும் சைகை மொழியும் அவளை விட்டுப் போகவில்லை. அண்ணனோ அந்த மொழியை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. வீட்டில் தட்டு, தண்ணீர், துணி என்று காட்டினால் அவள் கொண்டுவந்து வைப்பாள். அதற்கு மேல் தங்கையிடம் பேச அவனுக்கு என்ன இருந்தது?

உள்ளே மேனேஜர் கேட்டதெல்லாம் அண்ணனைத்தான். இருட்டிய பிறகும் வேலை இருக்கும், தனியாகப் போய்வருவாளா என்றார். அவள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அவகிட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுப்பா."

அண்ணன் கையை எப்படியெல்லாமோ ஆட்டினான். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, விழித்தாள்.

"முடியாதாம் சார். பயப்படுறா."

மேனேஜர் அந்தக் கையாட்டலில் சொக்கிப்போனார். பையன்களுக்கு வேலை சொல்ல ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தவர் அவர். நாளைக்கே வேலைக்கு வந்துவிடு என்று அண்ணனிடம் சொல்லிவிட்டார்.

யாருக்குக் கிடைத்தால் என்ன, வீட்டுக்கு ஒரு வேலை வந்ததே என்று அம்மா பூரித்துப்போனாள். அண்ணன் தன் நெஞ்சைத் தொட்டுக் கம்பெனி இருக்கும் திசையைக் காட்டினான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வயிறு எரிந்தது. அவளுடைய கேளாத காது அவனுக்கு உத்தியோகம் வாங்கிக் கொடுத்திருக்கிறது. இதைவிட அநியாயம் உண்டா?

மறுநாள் அவன் குளித்து முடிப்பதற்குள் அவள் கிளம்பிவிட்டாள். கம்பெனி வாசலிலேயே உட்கார்ந்தாள். மேனேஜர் வந்ததும் கைகளால் கொட்டித் தீர்த்தாள். என்னை யாரும் கேட்கவில்லை. எவ்வளவு நேரமானாலும் வேலை செய்வேன், தனியாகவே போய்வருவேன். மிஷினில் உட்கார வைத்துப் பாருங்கள் என்றாள். சுற்றி நின்ற பையன்கள் தலையாட்டினார்கள். மேனேஜருக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. அப்போதுதான் வந்து சேர்ந்த அண்ணனைக் கூப்பிட்டார்.

"என்னப்பா சொல்றா உன் தங்கச்சி?"

அண்ணனுக்கு வேர்த்தது. அவள் முதலிலிருந்து மறுபடி நிதானமாகச் சொன்னாள்.

"பசிக்குதாம் சார்."

மேனேஜர் உச்சுக்கொட்டிவிட்டு டீயும் பன்னும் வாங்கிவரச் சொன்னார். வந்ததை அவள் அண்ணன் பக்கம் தள்ளிவைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பையன்களை உள்ளே போகச் சொல்லி அண்ணன் கையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினான். ஒன்றும் விளங்காதவர்கள் போல அவர்கள் அவளைச் சுற்றியே நின்றார்கள்.