மூன்றாவது குமிழ்

'திருப்பிப் பார்' என்று குழந்தையைக் கூப்பிடுவார்களாம். திருப்பினால் ஒன்றும் நடக்காதாம். இதற்குப் பதில் நேராகவே கண்ணில் மண்ணைத் தூவிவிடலாமே!

நாக்கு நுனிவரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள். எதிரே நின்றவர் அறிவியல் காட்சியகத்தின் இயக்குநர். அக்காவின் கணவர். இந்த வேலையை வாங்கித் தந்தவரும் அவர்தான்.

"ஒரே ஒரு கம்பிதாம்மா. கழற்றிவிட்டா முடிஞ்சுது."

மேசைமேல், பூமியின் வெப்பக் கணக்கைக் குழந்தைகளுக்குக் காட்ட அவள் செய்த பெட்டி பின்மூடி திறந்து கிடந்தது. முன்பக்கம் திருப்புவதற்கு மூன்று குமிழ்கள், வெப்பநிலை காட்ட ஒரு முள். முதல் குமிழ் வெயில். இரண்டாவது, பனியும் மேகமும் வெயிலைத் திருப்பி அனுப்பும் அளவு. மூன்றாவது காற்று, வெளியேறப் பார்க்கும் வெப்பத்தை அது எவ்வளவு பிடித்துவைக்கிறது என்பது; நிலக்கரிப் புகை கூடக் கூட அதுவும் கூடும். வருவதும் போவதும் சமமாகும் வெப்பநிலையில் முள் நிற்கும். அவ்வளவுதான் கணக்கு.

"கம்பியைக் கழற்றினா பூமியில காற்றே இல்லைன்னு ஆயிடும் அத்தான். முள் மைனஸ் பதினெட்டு டிகிரிக்குப் போயிடும். நாளைக்குத் திறந்துவைக்க வர்ற நிலக்கரிக் கம்பெனிக்காரர் விறைச்சுப் போயிடுவார்."

"உன் குசும்பு போகாதே! காற்றை இன்னைய அளவிலேயே நிறுத்தி வை. முள் பதினைஞ்சுல நிக்கட்டும். வெயில் குமிழ் நல்லா ஓடட்டும். காற்றுக் குமிழ் சும்மா சுத்திட்டுப் போகட்டும்."

"குமிழையே எடுத்துட்டு, வேலை இன்னும் முடியலைன்னு எழுதி வெச்சிடறேன்."

"ஓட்டை இருந்தா ஏன்னு கேப்பாங்க. குமிழ் இருந்தா யாரு கேக்கப் போறா? பசங்கதானே!"

பசங்கதானே. சோதித்துப் பார்க்கப் பள்ளியிலிருந்து வந்த ஒரு சிறுமி காற்றுக் குமிழைத் திருப்பி, முள் சிவப்புக்கு ஏறியதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாளே. "நானா பண்ணேன்?" என்றாளே. வாயால் சொன்ன பொய்யை இன்னொரு வாய் மறுத்துவிடலாம். விரலே தொட்டுக் கற்றுக்கொண்ட பொய்யை யார் மறுப்பது?

அத்தான் குரலைத் தணித்தார். "உன்னை நம்பித்தானே சொல்லிட்டேன். அக்கா முகத்துக்காகவாவது..."

அக்காவையும் இழுத்தாயிற்றா!

அவள் திருப்புளியை எடுத்தாள். அவர் நிம்மதியாக மூச்சு விட்டார். அவள் கம்பியைத் தொடாமல் பின்மூடியைப் பொருத்தி, திருகாணிகளை ஒவ்வொன்றாக இறுக்கினாள்.

"வேற யாரையாவது கழற்றச் சொல்லுங்க அத்தான்," என்றாள். "நான் செய்யமாட்டேன்."