ஒரே இழுப்பில் ஆபீஸே ரிட்டயர்

நான் ஓய்வு பெற்ற அன்று, என்னைத் தவிர ஆபீஸில் எல்லோரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். புளுகுகிறேன் என்பீர்கள். புளுகுவதாக இருந்தால் இதைவிட நம்பும்படியாகப் புளுகியிருப்பேன்.

பார்சல் கம்பெனியில் கம்ப்யூட்டர்களை மேய்ப்பது என் வேலை. யார் எதைத் திறக்கலாம், யாருக்கு எந்தப் பிரிண்டர் என்று ஆளாளுக்குத் தனித்தனியாகச் செய்துகொண்டிருந்தால் ஆயுள் போதாது. அதனால் ஆட்களைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கொரு சட்டம் போட்டு வைத்திருந்தேன். ஆளைக் குழுவுக்குள் தள்ளினால் சட்டம் தானாக ஒட்டிக்கொள்ளும். ‘ஓய்வு பெற்றோர்’ என்றும் ஒரு குழு. அதில் விழுந்தவருக்கு எதுவும் திறக்காது. திரையில் ஒரு பூங்கொத்தும் ‘உழைத்தது போதும், ஓய்வெடுங்கள்’ என்ற வாசகமும்தான் வரும்.

என் நாற்காலிக்கு வந்தவள் என் மருமகள். பரீட்சை எழுதித்தான் வந்தாள். ஆனால் எங்கள் மேலாளர் நம்பவில்லை. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் வெடி. “ஒரே ஒரு தப்பு நடக்கட்டும், அன்னைக்கே வீட்டுக்கு அனுப்புறேன்” என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தார்.

கேக் வெட்டும் முன் என் பெயரை ஓய்வு பெற்றோரில் போட உட்கார்ந்தாள். பெயரை மவுஸால் பிடித்து இழுத்துப் போட்டால் முடிந்தது. கண் கலங்கியதோ என்னவோ, பிடிக்கும்போது கை ஒரு வரி மேலே போய்விட்டது. அங்கே இருந்தது ‘அனைத்துப் பணியாளர்கள்’. அந்தக் குழுவையே அப்படியே இழுத்துப் போட்டுவிட்டாள்.

“மாமா…” என்றாள். அவள் திரையிலேயே பூங்கொத்து!

அடுத்த நொடி கட்டடமே அலறியது. அந்த அலறலில் மூன்று தெருவுக்கு அப்பால் இருந்த காக்கைகள்கூட இடம் மாறின.

“எனக்கு இன்னும் நாப்பதே ஆகலைய்யா!” என்று கணக்காளர் நாற்காலியோடு உருண்டு வந்தார். கிடங்கில் சீட்டு அச்சாகாமல் லாரிகள் ஹாரனைக் கதற விட்டன. எங்கள் வெடி விருந்தாளிகளுக்குப் படம் காட்டிக்கொண்டிருந்த சுவரில், யானை உயரத்துக்குப் பூங்கொத்து.

“போச்சு மாமா, என் வேலை போச்சு. என்னாலயே உள்ள போக முடியலையே!”

“தள்ளும்மா.”

அவசரத்துக்கு வெளியே ஒரு சாவி வைப்பதுபோல், என் பெயரை மட்டும் எந்தக் குழுவிலும் சேர்க்காமல் வைத்திருந்தேன். எனக்குத் திறந்தது. மொத்தப் பேரையும் அள்ளிப் பழைய இடத்தில் கொட்டினேன். பூங்கொத்துகள் ஒவ்வொன்றாக வாடி மறைந்தன.

கதவு படாரென்றது. வெடி.

“எவன்யா பண்ணது?”

மருமகள் வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். “நான்தான் சார். கடைசி நாளாச்சே, சும்மா ஒரு விளையாட்டு.”

“விளையாட்டா? உங்களை என்ன பண்றேன் பாருங்க!”

“என்ன பண்ணுவீங்க? வேலையை விட்டுத் தூக்குவீங்களா?”

மனிதர் முகம் நனைந்த பட்டாசாகிவிட்டது.

மருமகள் மறுபடி மவுஸைப் பிடித்தாள். இம்முறை திரையில் விரலை அழுத்தி வைத்துக் கேட்டாள். “இது நீங்கதானே மாமா?”

“நானேதான். இழு.”

எனக்கும் பூங்கொத்து மலர்ந்தது. முதலில் கை தட்டியவர் வெடிதான்.