விடுபட்ட பூஜ்ஜியம்

அலுவலகத்தில் எல்லோரும் அவளை ஆடிட்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் ஆடிட்டர் இல்லை. எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் இரண்டு தடவை படித்த பிறகுதான் கீழே வைப்பாள். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில், ஆறு பேர் வேலை பார்க்கும் சின்ன நிறுவனம். பங்குச் சந்தையில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்ற ஒப்பந்தங்களை வாங்கி விற்பதுதான் தொழில்.

அங்கே ஏஐ கருவியைக் கொண்டுவந்தவள் அவள்தான். ஒரே சரக்கு ஒரு கடையில் ஒரு விலைக்கும் பக்கத்துக் கடையில் வேறு விலைக்கும் கிடைத்தால், இங்கே வாங்கி அங்கே விற்று நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். சந்தையில் அதற்கு ஆர்பிட்ரேஜ் என்று பெயர். ஃபியூச்சர்ஸ் விலைக்கும் ஆப்ஷன்ஸ் விலைக்கும் நடுவே அப்படி ஓர் இடைவெளி சில நொடிகள் திறந்து மூடிக்கொள்ளும். மனிதக் கண்ணுக்குச் சிக்காது. கருவி ஆயிரக்கணக்கான விலைகளை ஒரே நேரத்தில் பார்த்து, எது பொருந்தவில்லை, ஏன் பொருந்தவில்லை என்று இரண்டு வரியில் எழுதிக் காட்டும். பொத்தானை அழுத்துவது மட்டும் மனிதர் வேலை. கடைசி முடிவு மனிதர் கையில்தான் இருக்க வேண்டும் என்று அடம்பிடித்து அப்படி வைத்தவளும் அவள்தான்.

நாலு மாதம் ஆகியும் அது கண்டுபிடித்ததெல்லாம் சில்லறை. பெருஞ்செலவில் வந்து, உட்கார்ந்த இடத்திலேயே தின்றுகொண்டிருந்ததால் அதற்கு 'வீட்டோட மாப்பிள்ளை' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"என்ன ஆடிட்டர், மாப்பிள்ளை இன்னிக்காவது எழுந்தாரா?"

முதலாளி மட்டும் இந்தச் சிரிப்பில் சேரவில்லை. "மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன்மா. அப்புறம் உங்க மாப்பிள்ளைய நீங்களே கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார்.

ஒரு புதன்கிழமை காலை பதினொன்று இருபதுக்குத் திரையில் ஒரு கட்டம் சிவந்தது. நூற்று நாற்பதுக்கு விற்க வேண்டிய ஆப்ஷனை யாரோ பதினாலுக்கு விற்க வைத்திருந்தார்கள். பக்கத்தில் கருவி எழுதியிருந்தது: 'இடைவெளி மிகப் பெரியது. விற்பவர் பூஜ்ஜியம் ஒன்றை விட்டுத் தட்டியிருக்க வாய்ப்பு அதிகம். உறுதிசெய்யாமல் வாங்க வேண்டாம்.'

அவசரத்தில் அதைப் படிக்கவில்லை என்று பின்னால் தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்தாள். படித்தாள். வழக்கம்போல இரண்டு தடவை படித்தாள். பிறகு பொத்தானை அழுத்தினாள். பதினாலுக்கு இருந்ததை எல்லாம் வாங்கி, மறுபக்கம் உரிய விலைக்கு விற்று முடிக்க நாற்பது நொடி ஆனது. அந்த நாற்பது நொடியில் வந்தது, அந்த அலுவலகம் ஒரு வருடம் பார்க்கும் லாபம்.

முதலாளி கேக் வாங்கிவரச் சொன்னார். "மாப்பிள்ளைக்கு முதல் துண்டு" என்று யாரோ திரைக்கு முன்னால் ஒரு தட்டை வைத்தார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவில் சந்தை நிர்வாகத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. விற்றவர் கைப்பிழை என்று முறையிட்டிருக்கிறார். விற்றது யார் என்ற விவரம் இல்லை. ஒரே ஒரு கேள்வி. வாங்கும்போது இது பிழையான விலை என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியும் என்றால் வியாபாரம் ரத்தாகும்.

"நமக்கு எப்படித் தெரியும்? அடுத்தவன் மனசுல என்ன இருக்குன்னு நாம கண்டோமா?" என்றார் முதலாளி. அந்த இரண்டு வரியை அவர் பார்த்திருக்கவில்லை.

அவள் 'தெரியாது' என்று குறித்து அனுப்பினாள். பிறகு கருவியின் பதிவைத் திறந்து அந்த இரண்டு வரியையும் அழித்தாள்.

ஊக்கத்தொகையில் வீட்டுக்குப் புதிய குளிர்சாதனப் பெட்டி வந்தது. அவள் கணவர் பிசியோதெரபிஸ்ட். நாள் முழுக்க அடுத்தவர் முட்டியை மடக்கி நீட்டிவிட்டு வருபவர். "உன் மூளைக்குக் கிடைச்சதுடி இது" என்று பெட்டியைத் தட்டிச் சொன்னார். "யாருக்கும் நஷ்டம் இல்லையே?" என்றும் சும்மா கேட்டுவைத்தார். "சந்தைன்னா அப்படித்தாங்க" என்று பேச்சை மாற்றினாள். மாமியார் தன் தங்கைகளுக்கெல்லாம் தொலைபேசியில் மருமகளின் சாமர்த்தியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

இரண்டு மாதம் கழித்து நிறுவனத்துக்கு, திரையில் விலை தட்டி வாங்கி விற்கும் டீலர் ஒருவர் தேவைப்பட்டார். நேர்காணலுக்கு வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையில் இரண்டு பேனா. சான்றிதழ்களை நெகிழி உறையில் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார். பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று முதலாளி கேட்டார்.

"விடல சார், அனுப்பிட்டாங்க. மறைச்சா பின்னாடி தெரிஞ்சுடும், நானே சொல்லிடறேன். இருபத்திரண்டு வருஷத்துல ஒரே ஒரு தப்பு. நூத்தி நாப்பதுன்னு அடிக்க வேண்டியத பதினாலுன்னு அடிச்சுட்டேன். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள யாரோ மொத்தத்தையும் எடுத்துட்டாங்க. ஒரு புதன்கிழமை காலைல."

முதலாளி அவளைப் பார்த்தார். பிறகு மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்தார். அதற்குமேல் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. "சொல்லி அனுப்பறோம்" என்று எழுந்து கைகொடுத்தார்.

அவர் போன பிறகு, "பாவம்தான். ஆனா நம்ம மேல தப்பில்லையே. நமக்குத் தெரியாதுல்ல?" என்றார் முதலாளி.

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். படிக்கட்டில் இறங்கி ஓடினாள்.

நேர்காணலுக்கு வந்தவர் கீழே கண்ணாடிக் கடை வாசலில் நின்று அலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் பேசினாங்க. இல்லம்மா, வெயில் இல்ல. வந்துடறேன்." அலைபேசியைப் பையில் போட்டபோதுதான் அவளைக் கவனித்தார்.

"எதாவது மறந்துட்டு வந்துட்டேனா?"

"இல்ல சார். அத வாங்கினது நாங்கதான். நான்தான்."

அவள் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று பயந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். கருவி எழுதியது, 'தெரியாது' என்று குறித்தது, பதிவை அழித்தது.

"ரெண்டு மாசமா எனக்கு இருந்தது ஒரே கேள்விதான்மா" என்றார் அவர். "எடுத்தது மனுஷனா, மெஷினான்னு. மெஷினாத்தான் இருக்கும், அதுக்கு என்ன தெரியும்னு மனச தேத்திக்கிட்டேன்."

"மெஷின் வேணாம்னுதான் சொல்லிச்சு."

கடைக்குள் யாரோ கண்ணாடி மாட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். "இத எழுதித் தருவீங்களா?" என்று கேட்டார். "பணத்துக்கு இல்ல. எனக்குப் பார்வை போயிடுச்சுன்னு வீட்ல நம்பறாங்க. கைதவறி ஒரு பூஜ்ஜியம் விட்டுப்போனதுதான்னு மெஷினே கண்டுபிடிச்சதுன்னா மனசு மாறுவாங்க. ரோடு கடக்கறப்ப என் பொண்ணு கையப் புடிச்சுக்கறா."

அவள் மேலே போய் முதலில் முதலாளியிடம் சொன்னாள். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள்.

"அன்னிக்கே என்கிட்ட காட்டியிருக்கலாமே" என்றார். "காட்டியிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியல. அதனாலதான் காட்டலையா?"

அவள் தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள்.

சந்தை நிர்வாகத்துக்கும் வேலை இழந்த அந்த டீலருக்கும் ஒரே கடிதத்தை எழுதினாள். வியாபாரம் ரத்தானது. நிறுவனத்துக்கு அபராதம் வந்தது; அவள் ஒரு வருடம் சந்தையில் எதையும் வாங்கவோ விற்கவோ கூடாது என்று தடையும் வந்தது. முதலாளி அவளை வேலையைவிட்டு அனுப்பவில்லை. கருவியை ஓட்டத் தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். மற்ற நால்வரும் அவள் வந்தால் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

வீட்டில் சொன்னபோது கணவர் கேட்டது ஒன்றுதான்: "நான் அன்னிக்குக் கேட்டேனே?" திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

அந்த டீலருடைய பழைய நாற்காலியில் அதற்குள் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். மூன்று மாதம் கழித்து, முன்பைவிடச் சின்ன இடத்தில் அவருக்கு வேலை கிடைத்ததாக யாரோ சொல்லக் கேள்விப்பட்டாள். கடிதம் கிடைத்த அன்று அவர் அனுப்பிய செய்தி: 'வந்தது. வீட்டில் படித்துக் காட்டினேன்.' நல்லதாகவோ கெட்டதாகவோ வேறு ஒரு சொல் இல்லை.

ஒரு நாள் மாலை எதிர்ச்சாரியில் பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பார்த்தாள். பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண். இருவரும் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். போய் ஒரு வார்த்தை பேசலாம்; பேசினால் அவர் முகம் திருப்பமாட்டார் என்றும் தோன்றியது. ஆனாலும் அவள் பக்கத்து மருந்துக் கடைக்குள் நுழைந்து, தேவையில்லாத ஒரு தைலத்தின் விலையைக் கேட்டு, பேருந்து கிளம்பிப் போகும்வரை அங்கேயே நின்றாள்.