எட்டாங்கட்டைக்குத் தலைமை வந்த ஆண்டு

ஆற்றுமுக நாடுகள் மன்றத்தின் தலைமைப் பொறுப்பு மலேசியாவின் கைக்கு வந்த திங்கட்கிழமை காலையில், அதற்கென்று அமர்த்தப்பட்ட செயலக ஊழியர்கள் அத்தனை பேரின் வாயிலிருந்தும் ‘நாங்கள்’ என்ற சொல் போய்விட்டது. ‘நாம்’ இருந்தது. நான், நீ, அவன், அவள் எல்லாம் வழக்கம்போல இருந்தன. கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் சொல் தங்கிவிட்டது, கேட்பவரை வெளியே நிறுத்தும் சொல் மட்டும் போயிற்று. சொல்ல வாயெடுத்தால் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ‘எங்கள்’, ‘எங்களுக்கு’ எல்லாவற்றுக்கும் அதே கதிதான். எழுதினால் பேனா அந்த இடத்தில் மட்டும் மை விடவில்லை. மலாய்க்காரர்களுக்கு ‘காமி’ போய் ‘கித்தா’ மட்டும் மிஞ்சியது. ஆங்கிலத்திலேயே வளர்ந்த மேலதிகாரிகளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, அந்த மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். புக்கிட் ரோத்தான் கிளினிக்கில் இருந்த டாக்டர் ஆளாளுக்குத் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு இருமல் மாத்திரை கொடுத்தனுப்பினார். தலைமையில் அமரும் நாடு எந்தப் பக்கமும் சாயக்கூடாது என்பது மன்றத்தின் முதல் விதி. விதியைப் படித்திருந்தவர்கள் இது அதனால்தான் என்று புரிந்துகொண்டு, வேலையைப் பார்க்கப் போனார்கள்.

மன்றம் என்பது கடலில் கலக்கும் ஆறுகளை வைத்திருக்கும் பதிமூன்று நாடுகளின் சங்கம். ஆண்டுக்கொரு நாடாகத் தலைமை சுற்றி வரும். நம் முறை வரப்போகிறது என்று தெரிந்ததும், கோலசிலாங்கூரில் ஆறு கடலைத் தொடுகிறது, கூட்டம் அங்கேதான் நடக்க வேண்டும் என்று யாரோ ஒரு பெரிய மனிதர் சொன்னார். மறு மாதமே புக்கிட் ரோத்தானைத் தாண்டி எட்டாங்கட்டைத் தோட்டத்தில் செம்பனைகளைச் சாய்த்தார்கள். மண்டபம் எழுந்தது. தலைமை என்பது மண்டபத்தோடு முடிகிற விஷயமில்லை. யார் பக்கத்தில் யார் உட்காருவது, எந்தக் கொடி எந்தக் கம்பத்தில், எந்த அமைச்சருக்கு நண்டு ஆகாது, எந்தத் தூதரின் கார் எந்த வாசலில் நிற்க வேண்டும் என்று தலையைப் பிய்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ரவாங், கிள்ளான், தலைநகர் என்று எங்கெங்கோ இருந்து ஆள் எடுத்தார்கள். தோட்டத்திலிருந்து எடுத்தது ஒரே ஒருத்தியைத்தான்.

அவள் பெயர் நவமணி. ரவாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் ஸ்டோரில் பதினெட்டு வருடம் கிராணியாகக் கணக்கு எழுதியவள். கல்யாணம் ஆகவில்லை, ஆகவில்லையே என்று அவள் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. எட்டாங்கட்டைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், தான் பிறந்த அதே வீட்டில், தங்கை துளசியோடு இருந்தாள். செயலகத்தில் அவளுக்கு இருக்கை ஒழுங்கு வேலை. அதை அவள் ஆசைப்பட்டுப் போய்க் கேட்கவில்லை. லயத்து ஜனங்கள்தான் பிடித்துத் தள்ளினார்கள். காரணம் இருந்தது. லயம் நின்ற இடத்தில் கார் நிறுத்துமிடம் வரப்போகிறது. அதற்கு ஈடாக மண்டபத்துக்குப் பின்னால் இருபத்திரண்டு வீடுகள் கட்டித் தருவதாக நிலம் எடுக்க வந்தவர்கள் வாயால் சொல்லியிருந்தார்கள். வீடுகளும் எழும்பிக்கொண்டிருந்தன. ஆனால் அவை யாருக்கு என்று ஒரு இடத்திலும் யாரும் சொல்லி முடிக்கவில்லை. கேட்டால், தலைமை வரட்டும், செயலகம் முடிவு செய்யும் என்றார்கள்.

“உள்ளுக்குள்ள நம்ம ஆளு ஒருத்தி இருந்தாதான் கத நடக்கும் லா,” என்றார் இருசப்பன். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய பழைய மண்டோர், கோயில் கமிட்டித் தலைவர், லயத்தில் எதற்கும் முதலில் பேசுகிறவர். “நீ போ தாயி. நேரம் வரும்போது ஒரு வார்த்த சொல்லு. அது போதும்.”

ஒரு வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தைதான் போகப்போகிறது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

முதலில் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. புக்கிட் ரோத்தான் மளிகைக்கடையில் நவமணியிடம், “உங்க லயத்துல தண்ணி வருதா?” என்று கடைக்காரர் கேட்டார். “நமக்கு ரெண்டு நாளா வரல,” என்றாள் அவள். கடைக்காரர் பதறிப்போய்ப் பின்கட்டுக்கு ஓடித் தன் வீட்டுக் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். வீட்டில் துளசி விழுந்து விழுந்து சிரித்தாள். “நாமங்கிற, நமக்குங்கிற. ஊரையே சேத்துக்கிட்டியா நீ?” என்று அக்காளைக் கிண்டல் செய்தாள். நவமணியும் சிரித்தாள். அந்த வீட்டில் இருவரும் சேர்ந்து சிரித்தது அநேகமாக அதுதான் கடைசி.

தலைமை வந்த இரண்டாம் வாரம் செயலகத்தின் உள் கூட்டம் நடந்தது. துணைத் தலைவர் மகேந்திரன் நடத்தினார். பெட்டாலிங் ஜெயாக்காரர், நல்ல மனிதர், யாரையும் ஒருமையில் அழைக்கமாட்டார். குடிநீர்ப் போத்தல், கொடித்துணி, மொழிபெயர்ப்பாளர்களின் காதுக்கருவி எல்லாம் முடிந்து, கடைசியில் பின்னால் இருக்கும் இருபத்திரண்டு வீடுகள் விஷயம் வந்தது. யாராவது இதைப் பற்றிப் பேச விரும்புகிறீர்களா என்று மகேந்திரன் கேட்டார். நவமணி எழுந்தாள். இரவெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம் அது, மனசுக்குள் அந்தச் சொல் தடையில்லாமல் வந்திருந்தது. “சார், அந்த வீடு…” என்று ஆரம்பித்தாள். அடுத்த சொல்லுக்கு உதடு அசைந்தது, சத்தமில்லை. மறுபடி முயன்றாள். அறையே அவளைப் பார்த்தது. ஏதாவது சொல்லித்தான் ஆகவேண்டும் என்ற பதற்றத்தில், “அந்த வீடு நமக்கு வேணும் சார். நமக்குன்னுதான் கட்டுனாங்க,” என்றாள்.

மகேந்திரனின் முகம் மலர்ந்தது. ரவாங்கிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் தினமும் வந்து போகும் ஊழியர்களை எங்கே தங்க வைப்பது என்று அவர் பல நாளாகக் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். “சரியா சொன்னீங்க நவமணி. நமக்குத்தான்,” என்றார். கித்தா, கித்தா என்று மேசையைச் சுற்றி எல்லோரும் தலையாட்டினார்கள். கைதட்டினார்கள் கூட. இருபத்திரண்டு வீடுகளும் செயலகத்தாருக்கு என்று முடிவானது. மூன்றாவது வீடு நவமணிக்கு.

‘லயத்து ஆளுங்களுக்கு’ என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். பிறகு பலரும் கேட்டார்கள். சொல்லியிருக்கலாம்தான், அந்தச் சொற்கள் எதுவும் அவள் வாயை விட்டுப் போகவில்லை. ஆனால் ‘லயத்து ஆளுங்க’ என்பது துரைமாரும் கடன்காரனும் போலீசும் சொல்கிற பேச்சு. லயத்தில் பிறந்த யாரும் தன் வாயால் தன்னை அப்படிச் சொன்னதில்லை. வீட்டுக்கு வரும் வழியில், பாதி தூரத்தில்தான் அது அவளுக்கு உதித்தது. நடுரோட்டில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். பின்னால் வந்த லோரிக்காரன் ஹாரன் அடித்து ஏசிவிட்டுப் போனான்.

மறுநாள் விடிந்ததும் மகேந்திரனின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். இந்த முறை லயத்து ஆளுங்க என்றே சொன்னாள். சொல்லும்போது நாக்கு கூசியது. அவர் பொறுமையாகக் கேட்டார். கண் கலங்கவும் செய்தார். “ஆனா பாருங்க, எல்லாரும் சேந்து முடிவு பண்ணியாச்சு. இப்ப மாத்துனா தலைமை ஒரு பக்கம் சாஞ்ச மாதிரி ஆயிடும். ஒரு வருஷம் போகட்டும், அப்புறம் நாம பேசலாம்,” என்றார். அந்த ‘நாம’வில் யார் யார் இருந்தார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

இன்னொரு வழி இருந்தது. ஒவ்வொரு பெரிய கூட்டத்துக்கும் முன்பு முழு ஒத்திகை நடக்கும். நாட்டுப் பெயர்ப்பலகைகளுக்குப் பின்னால், அமைச்சர்களுக்குப் பதிலாக உட்கார ஆள் வேண்டும். பக்கத்திலேயே இருந்ததால் லயத்து ஜனங்களைத்தான் மதியச் சாப்பாடு போட்டு உட்கார வைப்பார்கள். அவர்கள் செயலக ஊழியர்கள் இல்லை என்பதால் அவர்கள் வாயில் எல்லாச் சொல்லும் பத்திரமாக இருந்தது. நவமணி, இருசப்பனை ஓர் ஆப்பிரிக்க நாட்டின் பலகைக்குப் பின்னால், மகேந்திரனுக்கு நேர் எதிரே உட்கார வைத்தாள். அவர் கோயில் திருவிழாவுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். முறை வந்ததும் மைக்கை அழுத்தினார்.

“நாங்க நாலு தலமொறையா இந்த மண்ணுல கெடக்கோம். எங்க அப்பாவ இங்கதான் பொதச்சோம். அந்த வீடு எங்களுக்குச் சேர வேண்டியது. எங்களுக்குக் குடுங்கய்யா,” என்றார். மண்டபம் முழுக்கக் கணீரென்று கேட்டது. முடித்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆப்பிரிக்க நாட்டின் ஒலிவாங்கி நன்றாக வேலை செய்கிறது என்று தொழில்நுட்பக்காரர் குறித்துக்கொண்டார். இருசப்பன் உணர்ச்சியோடு பேசியதை நெறிமுறைப் பிரிவும் பாராட்டியது. அடுத்த நாட்டை அழைத்தார்கள். மகேந்திரன் மட்டும் சற்று நேரம் தலை குனிந்திருந்தார். இருசப்பன் சாப்பிடாமலே எழுந்து போனார். போகும்போது நவமணியைப் பார்க்கவில்லை.

லயத்தை இடிக்க ஒரு பகல்கூட ஆகவில்லை. அரதப்பழசான பலகை, தொட்டாலே விழுந்தது. பத்தாங் காலியில் ஒரு அடுக்குமாடியில் வாடகைக்கு வீடுகள் கிடைத்தன. முனியாண்டி சாமியை லோரியில் ஏற்றினார்கள். சாமிக்குப் பின்னால் மெத்தைகளும் சமையல் வாயு உருளைகளும் ஏறின. துளசி தன் துணிமணியைக் கட்டிக்கொண்டு லோரிக்காரன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். “வாடி, எனக்குத்தான் வீடு குடுத்திருக்காங்கள்ல, நாம அங்க இருக்கலாம்,” என்று நவமணி கெஞ்சினாள். அந்த ‘நாம’ சரியான ‘நாம’தான், அக்காளும் தங்கையும் மட்டும் உள்ள ‘நாம’. ஆனால் அதற்குள் அந்தச் சொல்லை யாரும் நம்புவதாக இல்லை. “அந்த வீட்டுல எனக்குத் தூக்கம் வருமா சொல்லு,” என்று மட்டும் கேட்டாள் துளசி. லோரி போயிற்று. நவமணியும் கூடவே போயிருக்கலாம். வருஷம் முடிந்து அந்த விஷயத்தைத் திரும்ப எடுக்கும்போது உள்ளே ஆள் இருக்க வேண்டும் என்று நினைத்துத் தங்கினாள். அது நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணம் வெளியே தெரிவதில்லை, மூன்றாவது வீட்டில் அவள் போட்ட விளக்குதான் தெரிந்தது.

அந்த ஆண்டு மன்றத்தின் கூட்டங்கள் சிறப்பாக நடந்தன. அமைச்சர்கள் வந்தார்கள். கம்போங் குவாந்தானில் படகேறி மின்மினி பார்த்தார்கள், ஆற்று நண்டு சாப்பிட்டார்கள், ஆகாதவர்களுக்குக் கோழி வந்தது. ஒருவர் நாற்காலியும் இடம் மாறவில்லை. சேற்று மண் பற்றிப் பிரகடனம் ஒன்று வந்தது. அதில் ஒவ்வொரு வரியும் ‘நாம்’ என்று தொடங்கியதைப் பல நாடுகள் வியந்து பாராட்டின. லயம் இருந்த இடத்தில் தார் ஊற்றிக் கோடு போட்டார்கள். மழை பெய்தால் கார்கள் தண்ணீரில் நின்றன. நிலம் தாழ்வு என்று லயத்தில் எவரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை.

ஆண்டு முடிந்தது. தலைமை அகரவரிசைப்படி அடுத்த நாட்டுக்குப் போனது. மறுநாள் காலையில் எல்லோருக்கும் சொல் திரும்பி வந்துவிட்டது. கன்டீனில் ஒரே சத்தம். நாங்கள் கிள்ளான்காரர்கள், நாங்கள் வாகனப் பிரிவு, நாங்கள் சைவம் என்று பிரிந்து பிரிந்து உட்கார்ந்து கோப்பி குடித்தார்கள். மகேந்திரனுக்கு வேறு துறைக்கு மாற்றல் வந்தது. வீடுகளைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னதை அவர் மறக்கவில்லை, போகிற அன்று நவமணியின் கையைப் பிடித்துக்கொண்டு, தலைமை இல்லாத செயலகம் எதையும் முடிவு செய்ய முடியாது என்று வருந்தினார். செயலகமே அந்த வாரத்தோடு கலைக்கப்பட்டது. வீடுகளில் இருந்தவர்கள் இருந்தார்கள்.

நவமணி வாயைத் திறக்காமல் அந்தச் சொல்லைப் பத்திரமாக வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பத்தாங் காலிக்குப் போனாள். தன் வீட்டை யாருக்காவது எழுதிக் கொடுப்பது, மீதி வீடுகளுக்கு எல்லோரும் சேர்ந்து தொகுதி அலுவலகத்துக்குப் போவது என்று யோசித்து வைத்திருந்தாள். அடுக்குமாடியின் கீழே, சாமியை வைத்திருந்த தகரக் கொட்டகைக்குப் பக்கத்தில் பெண்கள் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். இருசப்பன் நாற்காலியை எடுத்துப் போட்டார். முன்பெல்லாம் அவள் வந்தால் யாரும் நாற்காலி போட்டதில்லை, அவளாகவே தரையில் உட்காருவாள். துளசி தேநீர் கொண்டு வந்தாள். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. கோபம் இருந்திருந்தால் நவமணிக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவள் சொல்ல வந்ததையெல்லாம் சொன்னாள். பேச்சின் நடுவே அந்தச் சொல்லும் வந்தது, கணீரென்று, தடையே இல்லாமல். “நாங்க எல்லாரும் சேந்து வந்து கேக்குறோம், குடுத்துத்தான் ஆகணும் சார்னு தொகுதி ஆபீஸ்ல சொல்லப் போறேன்,” என்றாள். கத்திகள் ஒரு கணம் நின்றன. பிறகு மறுபடி நறுக்கின.

துளசி குனிந்து காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அக்காளை நீ, வா, போ என்றே பேசி வந்தவள்.

“நாங்க ஏற்கெனவே பேசி முடிச்சிட்டோம் அக்கா. இங்கயே இருந்துக்கிறோம். நீங்க கஷ்டப்படாதீங்க,” என்றாள்.

நவமணி சாமி கும்பிட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். இப்போதும் மூன்றாவது வீட்டில்தான் இருக்கிறாள். சாயங்காலம் சமைக்கும்போது நாங்க இதைச் செய்வோம், நாங்க அதைச் செய்வோம் என்று அவள் பேசுவது சுவரைத் தாண்டிக் கேட்கும். தனியாக இருக்கிற ஒருத்தி அப்படிப் பேசுவது அந்த வரிசையில் யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. சொல் திரும்பி வந்துவிட்டது, பாவம், எங்கேயாவது சொல்லத்தானே வேண்டும் என்று விட்டுவிட்டார்கள்.