அடுத்தவன் பேரில் அடக்கம்

புருஷன் செத்தது தெரியாமல் ஒரு மனுஷி ஐந்து மாதம் கை நிறைய வளையல் போட்டுக்கொண்டு திரிந்தால் அந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்வது? சபுராம்மாள் அப்படித்தான் திரிந்தாள். புருஷன் காயிதம் போடுவதே எப்போதாவதுதான், அதனால் சந்தேகமும் வரவில்லை. நோன்புப் பெருநாளைக்கு மருதாணி வைத்தாள். உத்தமபாளையத்தில் இருந்து மகள் ஜொகராவைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் சிவக்கச் சிவக்க வெற்றிலை போட்டுக்கொண்டு சிரித்தாள். அவள் புருஷன் காட்டுபாவா அப்போதே சீமை மண்ணுக்குள் இருந்தார்.

சேதி கொண்டு வந்தவன் மிக்கேல்ராஜ். வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். அங்கே சீமையில் காட்டுபாவாவோடு ஒரே இரும்பு உருக்கு ஆலையில் வேலை பார்த்து, பத்து வருஷம் ஒரே அறையில் படுத்து எழுந்தவன். கம்பம்மெட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, செய்யது ராவுத்தரின் ஏலக்காய்க் கடையைத் தாண்டிப் பின்னால் இருந்த வீட்டு வாசலுக்கு வந்து நின்றான். கழுத்தில் சுற்றிய கம்பளித் துண்டைக்கூடக் கழற்றவில்லை.

"மதினி, அண்ணன் போயிட்டாரு. நெஞ்சுல சளி கட்டி, ஆஸ்பத்திரியில வச்சு முடிஞ்சிருச்சு. காயிதத்துல எழுத எனக்கு மனசு வரல. லீவு கெடச்சதும் நேர்ல வந்துட்டேன்."

சபுராம்மாள் போட்ட சத்தத்தில் கடையில் காய் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் ஓடிவந்துவிட்டார்கள். செய்யது ராவுத்தர் அவர்களைத் திருப்பி அனுப்பிக் கதவைச் சாத்தினார். அவர் காட்டுபாவாவின் அண்ணன். தம்பிக்காக அழுதார்தான், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அழும்போதே அவர் கண் ஜன்னல் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

அழுது ஓய்ந்ததும் சபுராம்மாள் கேட்ட முதல் கேள்வி இதுதான். "குளிப்பாட்டுனது யாரு தம்பி? யாரு கபன் துணி சுத்துனா, யாரு தொழவச்சா?"

மிக்கேல்ராஜ் செய்யது ராவுத்தரைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்தார்.

விஷயம் என்னவென்றால், காட்டுபாவா சீமைக்குப் போனது காட்டுபாவாவாக இல்லை. மிக்கேல்ராஜுக்கும் அவன் அண்ணன் ஏசுரத்தினத்துக்கும் மாதாகோயில் சாமியார் தயவில் அங்கே வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. பாஸ்போர்ட்டும் கைக்கு வந்த நேரத்தில் மஞ்சள்காமாலை கண்டு ஏசுரத்தினம் செத்துப்போனான். அவனுக்கும் காட்டுபாவாவுக்கும் ஒரே முகவெட்டு. சந்தையில் ஆள் மாற்றிக் கூப்பிடுவார்களாம். 'வந்த உத்தரவை எதுக்கு வீணாக்கணும், சின்னவனுக்கும் அங்கே ஒரு துணை வேணும்ல' என்று செய்யது ராவுத்தர் போய்ப் பேசினார். மிக்கேல்ராஜின் தாய் கத்தரீனாள் செத்த மகனின் பாஸ்போர்ட்டை அழுதுகொண்டே எடுத்துக் கொடுத்தாள். இப்படியாக காட்டுபாவா ஏசுரத்தினமாகக் கப்பல் ஏறினார். அவர் போனது ஊருக்கெல்லாம் தெரியும். எந்தப் பெயரில் போனார் என்பது அந்த இரண்டு வீட்டோடு நின்றது.

இரண்டு வருஷத்தில் திரும்பிவிடுவேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். பாவி மனுஷன், மாட்டிக்கொண்டார். ஊர் வந்து போகலாமென்றால் துறைமுகத்தில் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பிடித்துவிடுவார்களோ என்ற பயத்திலேயே பத்து வருஷம் ஓடிவிட்டது.

"ஆஸ்பத்திரியில ஏசுரத்தினம், கத்தோலிக்கன்னு எழுதியிருந்துச்சு மதினி" என்றான் மிக்கேல்ராஜ். "நான் கூடப்பொறந்த தம்பின்னு அங்க எல்லாருக்கும் தெரியும். நெசத்தச் சொன்னா என்னைப் பிடிச்சு உள்ள போட்டுருவாங்க. கோயில் கல்லறையிலதான்... பெட்டியில வச்சு, சாமியார் மந்திரிச்சு... மேல சிலுவ நட்டிருக்கு."

சாவைவிட இது அல்லவா சாவு!

"அந்த ஊர்ல முஸ்லிம் ஒருத்தன்கூடவா இல்ல?" என்றாள் சபுராம்மாள்.

"ஏன் இல்ல? பாகிஸ்தான்காரங்க ஒரு வீட்டையே பள்ளிவாசலா வச்சிருந்தாங்க. அண்ணன் வெள்ளிக்கிழமையானா அந்தத் தெருவுல போவாரு, வருவாரு. உள்ள போக மாட்டாரு. போனா பேரு கேப்பாங்க, என்ன பேரச் சொல்றது? அதே தெருக்காரங்கதான எங்ககூட ஆலையிலயும் வேல பாத்தாங்க. ஞாயித்துக்கிழம என்கூடக் கோயிலுக்கு வந்து கடைசி பெஞ்சில உக்காந்துக்கிடுவாரு. கேன்டீன்ல பன்னி போட்டா வயித்துல புண்ணுன்னு சொல்லிட்டு வெறும் ரொட்டியத் திம்பாரு. ரூமுக்கு வந்து கதவச் சாத்துனாத்தான் அவரு காட்டுபாவா. கோட்டக் கழட்டித் தரையில விரிச்சுப்போட்டுத் தொழுவாரு."

சபுராம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "கோட்டு மேலயா! ஒரு பாய் வாங்கக்கூட பயந்தாரா?"

"வாடகை வீட்டுக்காரம்மா ரூமக் கூட்ட வருமே மதினி. பாத்துட்டா?"

செய்யது ராவுத்தர் இடைமறித்தார். "நடந்தது நடந்துபோச்சு சபுரா. இப்ப வாயி வழியா ஒரு சொல்லு வெளிய போச்சுன்னா, தம்பி மதம் மாறிச் செத்தான்னு ஊரு பேசும். உத்தமபாளையத்துக்காரன் காதுல விழுந்தா சம்பந்தம் அன்னைக்கே முறிஞ்சுபோகும். ஜொகராவ அதுக்கப்புறம் எவன் கட்டுவான்? பாகிஸ்தான்காரங்க முறையா எடுத்து அடக்குனாங்கன்னு சொல்லிருவோம். மிக்கேலு, நீயும் அதத்தான் சொல்லணும்."

"தொழாத மையத்துக்குத் தொழுதாச்சுன்னு பொய் சொல்றதா?" சபுராம்மாள் சீறினாள். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம் பெரிய மச்சான். அவருக்குன்னு நாலு பேரு வரிசையில நின்னு ஒரு தொழுக. அது மட்டும் போதும்!"

"பிள்ளைய நினைச்சுப் பாரு" என்றார் அவர். ஜொகரா சமையல்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பன் முகமே சரியாக நினைவில்லாத பெண். அழுவதா வேண்டாமா என்று தெரியாமல் தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பள்ளிவாசல் அசரத்தும் ஜமாத்துப் பெரியவர்களும் துட்டி கேட்க வந்தார்கள். சபுராம்மாள் திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். செய்யது ராவுத்தர் கதையைச் சொன்னார், நல்ல கதை. பாகிஸ்தான்காரர்கள் பன்னீர் தெளித்துக் கபன் சுற்றினார்களாம், தெரு நிறையக் கூட்டமாம். கேட்கக் கேட்கச் சபுராம்மாளுக்கே அது நிஜமாக இருக்கக்கூடாதா என்று ஏக்கம் வந்தது. மிக்கேல்ராஜ் ஒரு மூலையில் உட்கார்ந்து தலையை ஆட்டினான்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அசரத்து. நல்ல மனுஷர். "அந்நிய பூமியில அப்படி ஒரு அடக்கம் எத்தனை பேருக்குக் கெடைக்கும்! தாயி, மனசத் தேத்திக்க. மவுத்தாகி அஞ்சு மாசம் ஆயிருச்சு. புருஷனுக்காக ஒதுங்கியிருக்கிற நாலு மாசம் பத்து நாள் இத்தாவ, மவுத்தான நாள்ல இருந்துதான் கணக்கு வைக்கணும். அதனால உன் இத்தாவும் முடிஞ்சுபோச்சு. நீ மூலையில உக்கார வேண்டியதில்ல."

இது அடுத்த அடி. அவருக்காக ஒதுங்கி உட்கார்ந்து அழுகிற உரிமைகூட அவளுக்குத் தெரியாமலேயே முடிந்துபோயிருந்தது. பெருநாள் மருதாணி நகத்தில் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள். "அசரத்து, இங்க ஒரு தடவ அவருக்குத் தொழவைக்க முடியாதா?"

"நம்ம ஹனஃபி வழியில, கண்ணு முன்னால இல்லாத மையத்துக்குத் தொழுக கெடையாது தாயி. இந்த மலையில இருக்கிற மலையாளத்து மாப்பிள்ளமாரு ஷாஃபி வழிக்காரங்க. அவங்க பள்ளியில அப்படித் தொழவைப்பாங்க. யாருமே தொழாம அடக்குன மையத்துன்னா, நானே வண்டிப்பெரியாத்துக்கு ஆள் அனுப்பி அவங்க பள்ளி முசலியார்கிட்டச் சொல்லி ஏற்பாடு பண்ணியிருப்பேன். இது அங்கயே சீரா முடிஞ்சிருச்சு. நீ எதுக்குக் கலங்குற?"

சபுராம்மாள் வாயைத் திறந்தாள். ஒரே ஒரு வரி. 'யாரும் தொழல அசரத்து.' சொன்னால் போதும், நாளைக்கே மலையில் நாலு பேர் வரிசையில் நிற்பார்கள். வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஜொகரா பக்கத்தில் வந்து அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரிங்க அசரத்து" என்றாள் சபுராம்மாள்.

அவர்கள் துஆ ஓதத் தொடங்கியபோது மிக்கேல்ராஜ் எழுந்து கொல்லைப்பக்கம் போனான். அங்கே ஏலக்காய்ச் சாக்குகள் அடுக்கியிருந்தன. சபுராம்மாள் பின்னாலேயே போனாள். இனி இந்த உலகத்தில் அவளுக்குக் கேட்க மிச்சம் இருந்தது ஒரே ஒரு கேள்விதான்.

"தம்பி, நீங்க கும்புடுற சாமிமேல சத்தியமாச் சொல்லுங்க. உசிரு போறப்ப அவரு கலிமா சொன்னாரா? முஸ்லிமாத்தான் போனாரா?"

அவன் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டான். "சொன்னாரு மதினி."

"நெசமாவா! அல்லாவே!" அவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "நீங்க கேட்டீங்களா?"

"சாமியாரு கடைசி எண்ணெய் பூச வந்து நின்னாரு. நர்சம்மாவும் நின்னுச்சு. ரெண்டு நாளா நெனவில்லாமக் கெடந்தவரு பொசுக்குன்னு கண்ணத் தொறந்து, பத்து வருஷமா ரூமுக்குள்ள முணுமுணுத்தத சத்தமாச் சொல்ல ஆரம்பிச்சிட்டாரு. வார்டு பூரா திரும்பிப் பாத்துச்சு. எல்லாம் போச்சுன்னு நெனச்சேன். சன்னி கண்டு உளறுறாருன்னு சாமியார்கிட்டச் சொல்லிக்கிட்டே..." அவன் தன் வலதுகையைத் தூக்கிப் பார்த்தான். "இந்தக் கையால அவரு வாயப் பொத்திட்டேன். உள்ளங்கைக்குள்ள உதடு அசையுது, விடல. எடுத்தப்ப மூச்சு இல்ல."

சபுராம்மாளுக்கு அவனை அடித்துக் கொல்ல வேண்டும் போல ஆத்திரம் பொங்கியது. கை ஓங்கிவிட்டாள். ஆனால் எந்த வாயால் இவனை ஏசுவது? கொஞ்ச நேரத்துக்கு முன்னால் திரைக்குப் பின்னால் அவளும் அதே வாயைத்தான் பொத்தினாள். இவன் அங்கே பொத்தினான், அவள் இங்கே பொத்தினாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

உள்ளே துஆ முடிந்து ஆமீன் சொல்லும் சத்தம் கேட்டது. மிக்கேல்ராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "நான் வந்து அசரத்துகிட்ட உள்ளதச் சொல்லிரட்டுமா மதினி? என்னைய என்ன செஞ்சாலும் செய்யட்டும். அண்ணன் கலிமா சொன்னதுக்கு என்னையத் தவிர சாட்சி கெடையாது."

ஓங்கிய கையை அவள் மெல்ல இறக்கினாள்.

"சொல்லிறாதீங்க தம்பி" என்றாள். "செத்தாலும் சொல்லிறாதீங்க."