கற்பூரம் கொளுத்தாத வீடு

பிறந்த பிள்ளை ஷர்வினை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து குளிர்தான் எனக்கு எதிரி. நான் சித்தியவான் பக்கத்து வெயிலில் வளர்ந்தவள். கல்யாணமாகி இந்தத் தேயிலை மலைக்கு வந்த முதல் வருஷம் முழுக்க மூக்கைச் சிந்திக்கொண்டேதான் குடித்தனம் நடத்தினேன். நெடுநெடுவென்று வளர்ந்து நிற்கும் எனக்கே இந்தப் பாடு என்றால் பச்சைப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? கதவைச் சாத்தினேன், சன்னலைச் சாத்தினேன், சன்னல் இடுக்கில் பழைய கைலியைச் சுருட்டித் திணித்தேன்.

“நாங்க மூச்சு விடவாச்சும் ஒரு ஓட்டைய மிச்சம் வை லா,” என்றார் மகேன்.

மகேன் என் கணவர். எஸ்டேட்டில் கொழுந்து ஏற்றும் லோரி ஓட்டுகிறார். மலை வளைவில் அந்த லோரியை ஒற்றைக் கையால் திருப்புகிற மனுஷன், பிள்ளையைத் தூக்கச் சொன்னால் மட்டும் வேர்த்துப் போவார். எனக்கு அம்மா இல்லை. அவருக்கும் இல்லை. போனில் வீடியோ பார்த்து, அதில் சொன்னது சரியா தப்பா என்று இரண்டு பேரும் சண்டை போட்டு, அப்படித்தான் பிள்ளையைக் குளிப்பாட்டினோம், துடைத்தோம், ஏப்பம் விடவைத்தோம். அவன் தூங்கினால் மூச்சு இருக்கிறதா என்று பயம். தூங்காவிட்டால் ஏன் தூங்கவில்லை என்று பயம்.

இதெல்லாம் எல்லா வீட்டிலும் உள்ள பயம்தான். எங்களுக்கென்று தனியாக இன்னொன்று இருந்தது. பிள்ளை பிறந்ததும் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். ஜி-சிக்ஸ்-பி-டி என்று ஏதோ ஒன்று அவன் ரத்தத்தில் குறைவாம். வீட்டுக்குப் புறப்படும்போது மலாய்க்கார நர்ஸ், மிஸ்ஸி என்போம், எங்களை உட்காரவைத்துச் சொன்னார். இது நோய் இல்லை, பிள்ளை நன்றாக வளர்வான், ஆனால் சில சாமான்கள் அவனுக்கு ஆகாது. ஆகாதது பட்டால் ரத்தம் உடையும், உடம்பு மஞ்சளாகிவிடும், உயிருக்கே ஆபத்து. முக்கியமாக ‘கப்பூர் பாருஸ்’ வீட்டில் இருக்கவே கூடாது, அதன் வாசனைகூடப் படக்கூடாது. தையல் வலியில் எனக்குப் பாதி காதில் ஏறவில்லை. மகேன்தான் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டார்.

“கப்பூர் பாருஸ்னா என்னாங்க?” என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

“கற்பூரம்தான். கப்பூர், கற்பூரம். கேட்டாலே தெரியலையா?”

சாமி மேடையிலிருந்த கற்பூரப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். மேலே தமிழில் கற்பூரம் என்றும் கீழே மலாயில் கப்பூர் பாருஸ் என்றும் அச்சடித்திருந்தது. அதற்கு மேல் என்ன சந்தேகம்? மகேன் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய் எங்கள் லயத்து வீட்டு வரிசையின் கடைசியிலிருந்த குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு முருகனுக்கு எண்ணெய் விளக்கு மட்டும்தான். முருகன் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை எஸ்டேட் கோயிலில் மணி அடித்தால் அந்தப் புகை இங்கே வந்துவிடப் போகிறதே என்று நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குசினிப் பக்கம் ஓடுவேன்.

“யாருகிட்டயும் சொல்லாத,” என்று மகேன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். “ரத்தத்துல குறைன்னு சொன்னா லயத்துல ஆளுக்கு ஒரு பேரு வப்பாங்க. அக்காகிட்டகூட மூச்சு விடாத. தாய் வழியா வர்றதுன்னு மிஸ்ஸி சொன்னாங்கல்ல? அக்கா உன்னத்தான் ஏசும்.”

அக்கா என்றது கங்கா அண்ணியை. மகேனின் கூடப்பிறந்த அக்கா, அவரை வளர்த்து ஆளாக்கியவர். ரிங்லெட்டில் ஒரு சாமான் கடையில் வேலை செய்கிறார். வாய் கொஞ்சம் நீளம். எனக்கும் அதே நீளம் என்பதால் எங்களுக்குள் எப்போதும் புகைந்துகொண்டுதான் இருக்கும். ஏச்சு வாங்க எனக்கும் விருப்பமில்லை. சரி என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

பிள்ளை பிறந்த தொடக்குக் கழிக்கிற அன்று அண்ணி ஒரு பெரிய பையோடு வந்தார். மருமகனை மடியில் போட்டுக் கொஞ்சினார். அவன் மூக்கு மகேன் மூக்கு என்றார், நெற்றி மகேன் நெற்றி என்றார். என்னுடையது என்று ஒரு நகத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. பிறகு என்னையும் பிள்ளையையும் கிழக்குப் பார்த்து உட்காரவைத்துவிட்டு ஆரத்தித் தட்டோடு வந்தார். குங்குமத் தண்ணீருக்கு நடுவே வெற்றிலை, வெற்றிலை மேல் எரிகிற கற்பூரம். அவர் கையோடு கொண்டுவந்திருக்கிறார், எங்களுக்குத் தெரியவில்லை.

ஒரு கையால் பிள்ளை முகத்தை மூடிக்கொண்டு “கிட்ட வராதீங்க!” என்று கத்தினேன். அவர் புரியாமல் இன்னும் ஓரடி வைத்தார். நான் எட்டி அந்தச் சுடரை ஊதி அணைத்தேன். தட்டு ஆடி, செந்தண்ணீர் அவர் சேலையெல்லாம் கொட்டியது.

சாமி சுடரை வாயால் ஊதி அணைத்த மருமகளை எங்கள் பக்கம் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அண்ணி வாய் திறந்து ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் சேலையைப் பிழிந்துகொண்டார். “புகை புள்ளைக்கு ஆகாதுக்கா,” என்று மகேன் எதையோ உளறினார். காரணத்தை அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், இரண்டு பேருமே சொல்லவில்லை.

போகும்போது அந்தப் பையை வாசலிலேயே வைத்தார். “எம்புள்ளைங்க போட்டது. கம்பளிச் சட்டை, தொப்பி, போர்வை. துவைச்சுப் பத்திரமா பெட்டியில வச்சிருந்தேன். பிடிச்சா போடு. இல்லாட்டி தூக்கிப் போடு,” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

அவரிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. பையை அவிழ்த்தேன். சின்னச் சின்னக் கம்பளிச் சட்டைகள், அவர் கையாலேயே பின்னியவை. பெட்டி வாசனை கமகமவென்று அடித்தது. சின்ன வயதில் தீபாவளிக்கு என் அம்மா பெட்டியைத் திறக்கும்போது வருகிற அதே வாசனை. துவைக்கலாம் என்றால் அது மழை வாரம், கைக்குட்டைகூடக் காயாது. அப்படியே ஒரு சட்டையை மாட்டி, தொப்பியைப் போட்டு, போர்வையில் சுற்றினேன். அந்தக் கோலத்தில் பிள்ளையைப் படம் எடுத்து அண்ணிக்கு அனுப்பினேன். அவர் பதிலுக்கு ஒரு கைகூப்பும் பொம்மையை அனுப்பினார். அப்பாடா என்றிருந்தது. அதற்குப் பிறகு அந்தச் சட்டைகளைத்தான் மாற்றி மாற்றிப் போட்டேன். குளிரையும் ஜெயித்துவிட்டேன், நாத்தனாரையும் சமாதானம் பண்ணிவிட்டேன் என்று நினைப்பு.

பிள்ளை சமர்த்தாகிவிட்டான். அழுகை குறைந்தது, தூக்கம் கூடியது. எனக்குப் பெருமைதான். பிறகு பால் குடிக்க எழுப்பினால் இரண்டு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு வாயை விட்டுவிட்டான். பாதத்தைச் சுண்டினால் முனகினான், கண்ணைத் திறக்கவில்லை.

அன்று மத்தியானம் அவன் இடுப்புத் துணியை மாற்றும்போது அதில் ஒரு கறை. சாயத் தண்ணீர் ஊற்றியது போல் கறுஞ்சிவப்பு. மகேன் அப்போதுதான் சாப்பிட வந்து ஒரு மங்கு தே-ஓ, பால் விடாத தேத்தண்ணீரோடு உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்ததே கோபம்.

“புள்ளைத் துணி மேலதான் தேத்தண்ணிய ஊத்தணுமா?”

“நான் எங்க ஊத்துனேன்? இப்பத்தான உக்காந்தேன்?”

துணியை முகர்ந்து பார்த்தேன். தேத்தண்ணீர் இல்லை.

பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். மூடி மூடி வைத்த வீட்டுக்குள் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில்தான் இத்தனை நாளும் அவனைப் பார்த்திருக்கிறேன். வாசலில் பனிமூட்டம் இறங்கியிருந்தாலும் பகல் வெளிச்சம் இருந்தது. அவன் இமையைத் தூக்கிப் பார்த்தேன். கண்ணின் வெள்ளை இருக்க வேண்டிய இடம் மஞ்சளாக இருந்தது. உதடு வெளுத்துக் கிடந்தது. “என்னாங்க,” என்று கூப்பிட்டேன்.

மகேன் மோட்டார் சைக்கிளை எடுத்தார். நான் பின்னால் உட்கார்ந்து பிள்ளையை நெஞ்சோடு சேர்த்து, மேலே மழைக்கோட்டைப் போர்த்திக்கொண்டேன். பள்ளி விடுமுறை. ஆஸ்பத்திரி இருக்கும் தானா ராத்தா வரைக்கும் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடைத்துக்கொண்டு நின்றன. ஸ்ட்ராபெரி வாங்க வந்தவர்கள், தேயிலை மலையைப் படம் எடுக்க வந்தவர்கள். ஒரு கார்க்காரர் நடு ரோட்டில் நிறுத்திக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பனிமூட்டத்தை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். மகேன் அந்தக் கதவை உதைத்துச் சாத்திவிட்டு மோட்டாரைச் சந்தில் விட்டார். நான் மழைக்கோட்டுக்குள் கையை விட்டு அவன் மூக்கடியில் விரலை வைத்துக்கொண்டே போனேன். மூச்சு இருக்கிறது, இருக்கிறது, இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு சீனப் பெண் டாக்டர் பிள்ளையை வாங்கினார். சின்னப் பெண்தான், என்னைவிட இளையவராக இருப்பார். ரத்தக் குறை இருக்கிறது என்று சொன்னதும் அவர் கை வேகமானது. என்ன மருந்து கொடுத்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று மலாயில் கேட்டுக்கொண்டே வந்தவர், வீட்டில் கப்பூர் பாருஸ் இருக்கிறதா என்றார்.

“இல்லவே இல்லை,” என்றார் மகேன். சாமிக்குக்கூடக் கொளுத்துவதில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். நானும் பெருமையாகத் தலையாட்டினேன்.

டாக்டர் இதயத்துடிப்பைக் கேட்கக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார். சட்டையை மூக்கருகே கொண்டுபோனார். இது என்ன வாசனை என்றார்.

“அது பொட்டி வாசனை,” என்றேன். துணிப் பெட்டியில் பூச்சி அரிக்காமல் இருக்கப் போடும் வெள்ளை உருண்டை. பூச்சி உருண்டை என்போம். அந்த வாசனை.

இதுதான் கப்பூர் பாருஸ் என்றார் டாக்டர். சொல்லிக்கொண்டே சட்டையைக் கத்தரியால் இரண்டாக வெட்டினார்.

சாமிக்குக் கொளுத்துகிற கற்பூரத்துக்கும் மலாயில் அதே பேர், பூச்சி உருண்டைக்கும் அதே பேர். மிஸ்ஸி முக்கியமாகப் பயந்தது பூச்சி உருண்டைக்கு. நாங்கள் முருகனைப் பட்டினி போட்டுவிட்டு, விஷத்தை எடுத்துப் பிள்ளைக்குச் சட்டையாக மாட்டியிருக்கிறோம்.

பிள்ளையை ஒட்டுத் துணி இல்லாமல், மஞ்சளை இறக்கும் நீல விளக்கின் கீழ் கிடத்தினார்கள். கண்ணை மட்டும் கட்டியிருந்தது. நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவது தெரிந்தது. போர்த்தக்கூடாது, தூக்கக்கூடாது. அடுத்த ரத்தச் சோதனையில் மஞ்சள் இறங்கவில்லை என்றால் ஆம்புலன்ஸில் மலை இறக்கி ஈப்போவுக்குக் கொண்டுபோய் ரத்தத்தையே மாற்ற வேண்டும் என்றார் டாக்டர். மகேன் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை.

“அக்கா வந்துகிட்டிருக்கு,” என்றார். “சட்டைக் கதைய மட்டும் சொல்லாத. கேட்டா அது செத்துரும்.”

அண்ணி வந்தார். மூச்சிரைக்க வந்தார். கையில் இன்னொரு பை. “ஆஸ்பத்திரில குளிருமேன்னு மிச்சத் துணியையும் கொண்டாந்தேன்,” என்று சொல்லிக்கொண்டே ஒரு தொப்பியை வெளியே எடுத்தார்.

“தள்ளிப் போங்க அண்ணி!” என்று கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

அவர் முகம் ஆரத்தி கொட்டிய அன்று போலவே ஆனது. மகேன் “ஒண்ணுமில்லக்கா” என்று ஆரம்பித்தார். ஒன்றுமில்லையா? எனக்குப் பொறுக்கவில்லை. ரத்தக் குறை, மிஸ்ஸி சொன்னது, கற்பூரம், ஊதி அணைத்தது, பெட்டி, சட்டை, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். அவர் சாகவில்லை. பையைக் கொண்டுபோய் வெளியே வைத்தார். குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. தம்பி முன்னால் போய் நின்றார்.

“நான் எங்கடா வேல செய்யிறேன்?”

“கடையிலக்கா.”

“மலாய்க்காரவங்க வந்து கப்பூர் பாருஸ் குடுன்னா நான் எதடா எடுத்துக் குடுக்குறேன்?”

மகேன் தரையைப் பார்த்தார்.

“பூச்சி உருண்டையத்தான்டா. தெனம் குடுக்குறேன். புள்ளைக்கு இது ஆகாதாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அந்தப் பொட்டிய தொறந்தே இருக்க மாட்டேனே.”

“தாய் வழியா வர்றதுன்னாங்கக்கா. நீ இவள ஏசுவியேன்னுதான்…”

“ஏசியிருப்பேன்தான்,” என்றார் அண்ணி. குரல் உடைந்தது. “நல்லா ஏசிட்டுப் போயிருப்பேன். புள்ள நல்லா இருந்திருப்பான்ல?”

மூன்று பேரும் நீல வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். டாக்டர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. மஞ்சள் இறங்கியிருக்கிறது என்றார். கொஞ்சம்தான், ஆனால் இறங்கியிருக்கிறது, ஈப்போ வேண்டாம். அதுவரை வராத அழுகை அப்போது வந்தது எனக்கு. தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணி என் தோளைப் பிடித்துத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார். “வேற என்னென்ன ஆகாது? எல்லாத்தையும் சொல்லு,” என்றார். மகேன் எடுத்துக்கொடுக்க, நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். எல்லாம் முடிந்ததும் என்னை ஏச ஆரம்பித்தார். சுடரை ஊதியதற்கு, சொல்லாமல் மறைத்ததற்கு, துணியைத் துவைக்காமல் போட்டதற்கு. வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி ஏசினார். நான் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தேன்.